பாலைவனத்துக்கு நட்ட பந்தக்கால்

நம்பினால் நம்புங்கள், நம்பாதவர்கள் வாசல் கூட்டும்போது முறத்தில் சேரும் மணலை உற்றுப் பாருங்கள், அதில் நாலு பொடியாவது இந்தக் கதைக்குச் சாட்சி சொல்லும். வளைகுடா நகரம் ஒன்றில் (பெயரைச் சொன்னால் அங்கே இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் 'அது எங்க பில்டிங்தான்' என்று சண்டைக்கு வருவார்கள், அதனால் பெயர் வேண்டாம்), ஆறு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், யாகப்பன் என்று ஒருவர் இருந்தார். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் ஸ்டோர்கீப்பர். பொழுது விடியுமுன் கம்பெனி வண்டியில் ஏறி, ஹோட்டலின் அடித்தளத்தில் இறங்கி, துண்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் நடுவில் நாளை ஓட்டிவிட்டு, பொழுது அடைந்தபிறகு திரும்பி வருகிறவர். இப்படியே இருபத்தெட்டு வருசம் போனதில், பாலைவன நாட்டில் இருந்துகொண்டே பாலைவனத்தைக் கண்ணால் காணாதவராகிவிட்டார். ஊருக்குப் போகும்போது விமானத்திலிருந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். அந்த மனிதருக்கு ஒருமுறைகூட ஜன்னல் சீட் அமையவில்லை.

பார்க்காததில் குற்றமில்லை. பார்த்ததாகச் சொன்னதுதான் வினை. அவருடைய ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டின் ஓரம். வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் செம்மண் மணல்தான் மேடு மேடாகக் கிடக்கும். முதல் லீவில் போனபோது டீக்கடையில் "நம்ம தேரி கெடக்கட்டும், அந்தப் பாலைவனம் எப்படிவே இருக்கும்?" என்று கேட்டார்கள். ஹோட்டலுக்கு அடியில் துண்டு மடிக்கிறேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை. மார்கழிக் குளிரில் மணல்மேட்டில் கூடாரம் அடித்து, தீ மூட்டி, ஒட்டகப்பால் காய்ச்சிக் குடித்ததாக ஒரு போடு போட்டார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டுமல்லவா, அடுத்தடுத்த லீவுகளில் மணல் புயல் வந்தது, வழி தவறியது, ஒட்டகம் ஒன்று அவருக்கு மட்டும் தலையாட்டியது. மூன்றாம் வகுப்புப் படித்த மகள் ஃபிலோமினா, மணல்மேட்டில் அப்பா உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் வரைந்தாள். அது கண்ணாடி போட்டு ஊர் வீட்டுச் சுவரில் இன்றுவரை தொங்குகிறது. யாகப்பன் லீவில் போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிடுவார்.

பதினோரு வருசத்துக்கு முன்னால் மனைவி மிக்கேலம்மா இங்கே வந்து சேர்ந்தாள். வந்த ஒரு வாரத்தில் விஷயம் உடைந்துவிட்டது.

"அப்போ அந்த ஒட்டகப்பால்?" என்று கேட்டாள்.

"சூப்பர்மார்க்கெட்ல பாட்டில்ல விப்பான். அத வாங்கிக் குடிச்சேன்."

மிக்கேலம்மா இரண்டு நாள் விடாமல் சிரித்தாள். மூன்றாம் நாள் சிரிப்பை நிறுத்தி, "கேட்டியளா, முடிச்சுக்கிட்டு ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு ராத்திரியாவது அந்த மணல்ல படுத்து எந்திரிச்சிரணும். பிள்ளைக்குச் சொன்ன பொய்ய மெய்யாக்கிட்டுத்தான் விமானம் ஏறணும்" என்றாள்.

அன்றைக்கு யாகப்பன் ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில், 'தொலைந்து கிடைத்தால் சேர்க்கவேண்டிய முகவரி' என்று போட்டு ஊர் விலாசத்தைப் பின்கோடு வரை எழுதினார். இரண்டாம் பக்கத்தில் 'குளிர்காலப் பாலைவனக் கூடாரம், ஏற்பாடுகள்' என்று தலைப்பிட்டு ஆரம்பித்தவர், பதினோரு குளிர்காலம் எழுதிக்கொண்டே இருந்தார். கட்டடத்தில் இருந்த இருபது தமிழ்க் குடும்பமும் கூடி வரும், கூடிப் பேசும், கலையும். ஒரு வருசம் புளியோதரையா பிரியாணியா என்ற பேச்சு கார்த்திகையில் தொடங்கி மாசி வரை நடந்து, முடிவு தெரிவதற்குள் வெயில் வந்துவிட்டது. இன்னொரு வருசம் எந்தக் காரில் யார் என்பதில் மூன்று குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. இன்னொரு வருசம் எல்லாம் கூடி வந்து புறப்படுகிற நேரத்தில் யாரோ ஒரு குழந்தை "எங்க போறோம்?" என்று கேட்டுவிட, 'எங்கே' என்ற சொல் விழுந்த பயணம் விளங்காது என்று எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள், தண்ணீர் குடித்தவர்கள் டீ குடித்தார்கள், டீ குடித்தவர்கள் அப்படியே மேலே போய்ப் படுத்துவிட்டார்கள்.

இது கடைசிக் குளிர்காலம். யாகப்பனுக்கு வயது அறுபது, விசா முடிகிறது, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை பதினோரு மணிக்கு விமானம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அதற்கும் முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் யாகப்பன் வீட்டு ஹாலில் கூடினார்கள். அப்போதுதான் இரண்டாம் மாடிப் பூமயில் வாயைத் திறந்தாள். பரமக்குடிக்காரி, மூன்று மகள்களின் கல்யாணத்தையும் இங்கிருந்து போனிலேயே நடத்தி முடித்தவள். அவள் பேசினால் எதிர்ப்பேச்சு கிடையாது.

"பத்து வருசமா இது ஏன் தட்டிப் போகுதுன்னு யாராச்சும் யோசிச்சீகளா? கூடாரம்னா என்ன? பந்தல்தானே? பந்தக்கால் நடாம எந்த ஊர்லண்ணே பந்தல் போட்டிருக்காக?"

ஹாலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அட ஆமாம், இத்தனை வருசம் இந்தச் சின்ன விஷயம் தோன்றாமல் போயிற்றே என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. யாகப்பன் நோட்டில் 'பந்தக்கால்' என்று எழுதிப் பெரிய வட்டம் போட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, கட்டடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கிற மண் தரையில் கூடினார்கள். அதில் பதினாலாம் நம்பர் இடம் யாகப்பனுக்கு ஒதுக்கியது. அவரிடம் கார் இல்லாததால் என்றும் காலியாகக் கிடப்பது. மூங்கில் கிடைக்கவில்லை, காவல்காரர் ரஃபீக் ஒரு பேரீச்ச மட்டையைச் சீவிக் கொடுத்தார். சூப்பர்மார்க்கெட் மாவிலை, மஞ்சள் துணியில் நவதானிய முடிச்சு, குழிக்குள் ஒரு டம்ளர் பால் என்று ஒன்றும் குறைவில்லை. யாகப்பன் கையால் கால் நட்டு, பெண்கள் குலவையிட்டு, கற்கண்டு வழங்கி முடித்த நேரத்தில், ரொட்டிக் கம்பெனியில் பிக்கப் ஓட்டுகிற கீழக்கரைக் கமருதீன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். மட்டையைப் பார்த்தார், சுற்றியிருந்த கார்களைப் பார்த்தார்.

"பந்தல் எங்கே போடுறோம்?"

"பாலைவனத்துல" என்றார் யாகப்பன்.

"அப்ப கால மட்டும் ஏன் இங்கே நட்டீங்க?"

எல்லோரும் கற்கண்டை விட்டுவிட்டு மட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். கால் எங்கேயோ பந்தல் அங்கே என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நட்ட காலைக் காரியம் முடியுமுன் பிடுங்குவது ஆகாது, நட்டவர் எல்லை தாண்டிப் போய் இராத் தங்குவது அதைவிட ஆகாது என்பதும் தெரியும். அவசரத்தில், சந்தோஷத்தில், நாற்பது பேரும் சேர்ந்து மறந்துவிட்டார்கள். பூமயில் பக்கத்துக் காரின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மிக்கேலம்மாவின் கண் நிறைந்துவிட்டது. யாகப்பன் நோட்டைத் திறந்து 'கால்: தவறான இடம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பூமயில்தான் கடைசியில் நிமிர்ந்தாள். "அழாதீங்க மதினி. கால் நட்ட எடத்துக்குக் கல்யாணம் வந்துதான் தீரணும். வரும்."

ஆறுதலுக்குச் சொன்ன சொல்தான். ஆனால் பால் ஊற்றி நட்ட கால் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கமருதீன் ரொட்டி போட்டுவிட்டு வந்து செய்தி சொன்னார். ஊருக்கு வெளியே அறுபதாவது கிலோமீட்டரில் இருக்கிற பாலைவனம் இன்றைக்கு நாற்பத்தெட்டில் நிற்கிறது. வழக்கமாக மணல் ஆரம்பிக்கிற இடத்தில் துடைத்துவிட்ட வெறுந்தரைதான் கிடக்கிறது.

"கெளம்பிருச்சா?" என்றாள் பூமயில்.

"கெளம்பிருச்சு. ஒட்டகம், மரம் மட்டையெல்லாம் கூட்டிக்கிட்டுத்தான் வருது."

யாரும் மலைக்கவில்லை. கல்யாண வீட்டில் மலைக்க நேரம் ஏது. எப்போது வந்து சேரும், மொத்தம் எத்தனை பேர், எங்கே தங்கவைப்பது என்பதுதான் பேச்சு. வாட்ஸப் குழுவுக்கு 'பாலைவனம் போவோம்' என்று பதினோரு வருசமாக இருந்த பெயரை 'பாலைவனம் வருது' என்று மாற்றினார்கள். நாம் ஒரு மேட்டைத்தானே எதிர்பார்த்தோம், இது பங்காளி மேடுகளையும் கூட்டிக்கொண்டு வருகிறதே என்று ஐந்தாம் மாடியில் ஒருவர் முனக, பத்திரிகை வைத்தால் சொந்தபந்தத்தோடுதான் வருவார்கள், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் எண்ணியா வந்தார்கள் என்று மிக்கேலம்மா வாயை அடைத்தாள். ரஃபீக் சுண்ணாம்பு வாங்கி வந்து, மணல்மேடுகள் நிற்பதற்கென்று தரையில் கோடு போட்டு எண் எழுதினார். கட்டட உரிமையாளர், நீள வெள்ளை அங்கி போட்ட பெரியவர், நேரில் வந்து விசாரித்து, தன் தாத்தா கூடாரம் அடித்து வாழ்ந்த மணல்தானே, தாராளமாக வரட்டும், லிஃப்ட்டுக்குள் மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிப் போனார்.

பாலைவனமும் நல்ல குடும்பத்தில் பிறந்ததுபோலத்தான் நடந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை டயர்க் கடைகளைத் தாண்டியது. ஒரு டயர்மேலும் மணல் படவில்லை. ரவுண்டானாவில் எந்தப் பக்கம் நுழைவது என்று தெரியாமல், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்போல மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. அதற்கு முன்னால், சீர்வரிசைக்கு முன்னே வரும் மேளம்போல, குளிர் வந்து சேர்ந்தது. பெட்டியில் கிடந்த ஸ்வெட்டர்களை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாச்சை உருண்டை வாசத்தோடு, கட்டடமே மாடி ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

புதன்கிழமை காலை பெரிய சாலைச் சிக்னலுக்கு அது வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டது. ஆறு வரிசை வண்டி ஓடுகிற சாலை; நடந்து கடப்பவர்களுக்கு இருபது விநாடிதான் பச்சை விளக்கு. முதல் மேடு ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் சிவப்பு விழும்; மரியாதைக்காரப் பாலைவனம், எடுத்த காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கும் அது சிக்னலுக்கு அந்தப் பக்கமே நின்றது. மாடியிலிருந்து பார்த்தால் உச்சி மட்டும் தெரிந்தது.

யாகப்பன் கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குக் கொடுத்து வைக்கலளா. நாளைக்கு ராத்திரி ஊர்ல இருப்பேன். அந்தப் படத்துக்கு மறுபடியும் முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்து திம்பேன்."

மிக்கேலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, மாப்பிள வீட்டுக்காரங்க ஊர் எல்லையில வந்து நின்னா, அவங்களா உள்ள வருவாங்களா? போயி அழைக்க வேண்டாமா? மூணு நாளா விருந்தாளிய ரோட்டுல நிறுத்திட்டு மாடியில நின்னு வேடிக்க பாக்கோம். நம்ம மேல தப்பு."

அவ்வளவுதான், கட்டடம் கிளம்பியது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, சந்தனம், கற்கண்டு. பூமயில் கையில் பன்னீர்ச் செம்பு. கமருதீன் கையில் அத்தர் புட்டி. மேளத்துக்கு இரண்டு எவர்சில்வர் குடம். இருபது குடும்பமும் நடைபாதையில் வரிசையாக நடந்து சிக்னலுக்குப் போய் நின்றது. எதிர்ப்பக்கம் பாலைவனம் நின்றது. யாகப்பன் பட்டனை அழுத்தி, பச்சை விழுந்ததும் ஓடிக் கடந்து, அதன் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றார். பதினோரு வருசம் நானூறு பக்கம் எழுதியவருக்கு, இந்த நேரத்துக்கு என்று ஒரு வரிகூட நோட்டில் இல்லை.

"வாங்க" என்றார். "எல்லாரும் வாங்க. வீடு பக்கத்துலதான்."

பன்னீர் தெளித்தார்கள். முதல் மேடு சிலிர்த்துக்கொண்டது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி, "கல்யாணமா?" என்று கேட்டார். கமருதீன் அரபியில் "கிட்டத்தட்ட" என்றார். போலீஸ்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆறு வரிசைக்கும் கை காட்டி நிறுத்தினார். எவர்சில்வர் குடம் முழங்க, யாகப்பன் முன்னால் நடக்க, பாலைவனம் சாலையைக் கடந்தது. கடந்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வண்டிக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு டீ வாங்கிக் குடித்தார்கள், ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

வாசலில் மிக்கேலம்மா ஆரத்தி சுற்றினாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று ஒரு செம்பு நீட்டினாள். ஊற்றியது போன இடம் தெரியவில்லை. ஒரு வாளி ஊற்றினார்கள், பத்து வாளி ஊற்றினார்கள், கட்டடமே வரிசையில் நின்று நாற்பது வாளி கைமாற்றி ஊற்றியபிறகுதான் பாலைவனம் போதும் என்பதுபோலக் கொஞ்சம் நிறம் மாறியது. பிறகு ரஃபீக் கோடு போட்ட இடங்களில் ஒவ்வொரு மேடாகப் போய் அமர்ந்தது. ஏழு ஒட்டகம், நாலைந்து வன்னி மரம், கணக்கில்லாத பல்லி. அத்தனையும் அந்தக் கார் நிற்கும் தரைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் பதினாலாம் நம்பரில் பந்தக்காலடியில் நின்று பார்த்தால், எதிர்க் கட்டடம் தெரியவில்லை. மணல்தான் அடிவானம் வரை போயிற்று.

கூடாரங்கள் எழுந்தன. தீ மூட்டினார்கள். புளியோதரையா பிரியாணியா என்ற பழைய வழக்கு இரண்டும் ஆகட்டும் என்று ஒரே நிமிடத்தில் தீர்ந்தது. பிள்ளைகள் மேட்டிலிருந்து பெரிய தட்டுகளில் உட்கார்ந்து சறுக்கினார்கள். அவர்களை அதட்டப் போன பூமயிலும் ஒரு தட்டில் உட்கார்ந்து சறுக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்து, மறுபடி ஏறினாள். ஒட்டகம் ஒன்று யாகப்பனைப் பார்த்துத் தலையாட்டியது. அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை. கையில் நோட்டு, காதில் பென்சில். "அந்தக் கயித்த இழுத்துக் கட்டும்வே" என்று ஒருவரிடம், "அண்ணாச்சி, போர்வ எல்லாருக்கும் வந்துட்டா?" என்று இன்னொருவரிடம். எல்லோருடைய பாயும் விரித்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு ஓடினார்.

மேட்டு உச்சியில் மிக்கேலம்மா பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். "மேல வாங்க."

"ஒரு நிமிஷம்."

"வாங்கன்னு சொல்லுதேன்."

"இந்தா, ஒரே நிமிஷம்."

ஏழாவது முறை கூப்பிட்டுவிட்டு அவள் எழுந்து நின்றாள். "கேளுங்க. பாலைவனமே வாசல்ல வந்து கெடக்கு. நீங்க இன்னும் ஏற்பாடு பண்ணிக்கிட்டுத்தான் இருக்கிய. ஊருக்குப் போயி இதையும் பொய்யாத்தான் சொல்லப் போறிய."

அது சுருக்கென்று தைத்தது. யாகப்பன் மேட்டில் பாதி ஏறி நின்று, அடுத்து செய்யவேண்டியது என்ன என்று பழக்கத்தில் நோட்டைத் திறந்தார். ஒரு வாரமாக மரியாதை தவறாமல் நடந்துகொண்ட பாலைவனம், அப்போது அந்த ஒரே ஒரு அவமரியாதையைச் செய்தது: காலடியில் மெல்லச் சரிந்து, அவர் கையிலிருந்து நழுவிய நோட்டை விழுங்கிவிட்டது.

யாகப்பன் மண்டியிட்டுத் தோண்டினார். மணிக்கட்டுவரை, முழங்கைவரை, தோள்வரை. நோட்டு கிடைக்கவில்லை. தோள்வரை மணலில் புதைந்திருந்த கை மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. முதுகு குளிரில் நடுங்கியது. பகலெல்லாம் வாங்கிய வெயிலை மணல் உள்ளே வைத்திருந்தது. அவர் அப்படியே சாய்ந்தார், முழு உடம்பையும் மணலில் போட்டார்.

"ஏளா" என்றார். "கீழ சூடா இருக்குளா. மேலதான் குளுருது."

"ம்" என்றாள், பக்கத்தில் வந்து படுத்தபடி.

"இருபத்தெட்டு வருசமா எத்தன பொய் சொன்னேன். இது எதுலயும் இல்ல பாத்தியா."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்தது, அது மிக்கேலம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அத்தனை சந்தோஷமாக அவர் வாழ்நாளில் இருந்ததில்லை. தன் பாய் எங்கே, யாருக்குப் போர்வை வரவில்லை என்று எதுவும் நினைக்காமல், வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

விடிந்ததும் பந்தக்காலுக்குப் பால் ஊற்றிப் பிடுங்கினார். பாலைவனம் எழுந்து உதறிக்கொண்டது, ஒட்டகங்களை எண்ணிக்கொண்டது, வாசலில் நின்றது. எல்லோரும் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்றார்கள். யாகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடைபெறும்போது நம் வாயில் தானாக வருகிற அந்தச் சொல்லைச் சொன்னார்: "எங்க ஊருக்கும் ஒரு தடவ குடும்பத்தோட வாங்க."

கமருதீன் அவர் கையைப் பிடித்தார். "என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க, அது நெசமா எடுத்துக்கிரும்."

"சும்மா ஒரு மரியாதைக்குத்தானவே" என்று சொல்லிவிட்டு யாகப்பன் விமானம் ஏறினார். இந்தமுறை ஜன்னல் சீட் கிடைத்தது. ஆனால் அவர் உட்கார்ந்த உடனே தூங்கிவிட்டார்.

ஊரில் டீக்கடை கூடியது. மொத்தமாக வந்துவிட்டீரே, இனியாவது நிதானமாகப் பாலைவனத்தைப் பற்றிச் சொல்லும் என்றார்கள். யாகப்பன் யோசித்து, "கீழ சூடா இருக்கும், மேல குளுரும்" என்றார். அவ்வளவுதானா என்று கேட்டார்கள். அவ்வளவுதான் என்றார். கடைக்கே சப்பென்று ஆகிவிட்டது; அந்தப் பழைய ஒட்டகப்பால் கதையையாவது சொல்லும் என்று ஒருவர் கெஞ்சினார். அது பொய் என்று யாகப்பன் சொன்னபோது, மனுசன் வயதாகி என்னவோ பேசுகிறார் என்று பாவப்பட்டார்கள். வீட்டில் அவர் சுவரைப் பார்த்து, மகள் வரைந்த படத்துக்கு நேராக உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த மார்கழியில் ஒரு விடிகாலை, தேரிக்காட்டுப் பக்கத்தில் யாரும் அறியாத ஒரு குளிர் முதலில் வந்தது. யாகப்பன் பின்வாசலைத் திறந்தார். செம்மணல் மேடெல்லாம், பஸ்ஸில் இடம் கொடுப்பதற்கு நகர்வதுபோல, ஒதுங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் வெளுத்த மணல், வழியெல்லாம் கடலைக் கடந்து வந்த உப்போடு, மேடு மேடாகக் குடும்பத்தோடு நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்ற மேட்டின் உச்சியில், முதல் பக்கம் திறந்தபடி, பின்கோடு தெரிய, அந்த நானூறு பக்க நோட்டு இருந்தது. ஒட்டகம் ஒன்று தலையாட்டியது.

யாகப்பன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்றார். உள்ளே திரும்பி, "ஏளா, யாரு வந்திருக்கான்னு பாரு. ஒரு செம்புத் தண்ணி கொண்டா" என்று கத்தினார்.

அடுக்களையிலிருந்து மிக்கேலம்மாவின் குரல் வந்தது. "செம்பு எந்த மூலைக்கு? மொதல்ல போயி மோட்டாரப் போடுங்க."